முதல் பக்கம் என்னுடையது

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்திக்கொள்ளுங்கள் தம்பி. அந்தக் காகிதக் கட்டை மிதித்துவிடாதீர்கள். இருங்கள், எடுத்து மடிமேலேயே வைத்துக்கொள்கிறேன். ஐந்நூறு நோட்டீஸ். நேற்றுச் சாயங்காலம்தான் அச்சகத்திலிருந்து வாங்கி வந்தேன். இப்போதெல்லாம் மை வாசமே வருவதில்லை. முன்பு ஒரு கட்டு நோட்டீசைப் பஸ்ஸில் ஏற்றினால் பின் சீட்டு வரைக்கும் தெரியும்.

நீங்கள் திருநெல்வேலி வரைக்குமா? நான் அவ்வளவு தூரம் இல்லை. கயத்தாறு தாண்டி நாலுவழிச் சாலையில் ஒரு கல்லூரி வரும். வாசலில் இரண்டு சிமெண்ட் யானை நிற்கும். அங்கே இறங்குவேன். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதுவும் அவர்களுக்கு விளம்பரம்தான். பத்து மணிக்குள் அந்த வாசலில் நிற்க வேண்டும். ஒரு பெண்ணின் வேலை போய்விட்டது. அதை மீட்டுத் தரப் போகிறேன்.

என்ன, நான் புத்தகம் மாதிரி பேசுகிறேன் என்று பார்க்கிறீர்களா? எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். நான் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். மீதியை நோட்டீஸ் படித்துக் கற்றுக்கொண்டேன். மில்லில் ஷிப்ட் முடிந்ததும் சங்க ஆபீசுக்குப் போவேன். அங்கே மூலையில் பழைய நோட்டீஸ் குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றாக எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். படித்தபடியே பேச்சும் வந்துவிட்டது. கோவில்பட்டியில் போய் நோட்டீஸ் தனுஷ்கோடி என்று கேளுங்கள், வயதானவர்களுக்குத் தெரியும். அறுபத்திரண்டு நோட்டீஸ் எழுதியிருக்கிறேன். இது அறுபத்து மூன்று.

அதை விடுங்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தப் பெண் பெயர் பியூலா. என் சொந்தம் இல்லை. தேவசகாயத்தின் மகள். தேவசகாயம் என்னோடு மில்லில் இருந்தவன். நான் எழுதினால் அவன் பசை காய்ச்சுவான், இரண்டு பேருமாகப் போய்ச் சுவரில் ஒட்டுவோம். அவன் போய் ஆறு வருடம் ஆகிறது. இந்தப் பிள்ளை எம்.ஏ. படித்தது. புருஷன் சரியில்லை, தனியாகத்தான் இருக்கிறாள். பதினோராம் வகுப்பு படிக்கிற ஒரு மகள், முட்டி வலிக்கிற அம்மா, இவளோடு மூன்று பேர். இவள் சம்பளத்தில்தான் அந்த வீடு நடக்க வேண்டும். உள்ளூர் டிவி சேனல் ஒன்றில் செய்தி எழுதிக்கொண்டிருந்தாள், அதை மூடிவிட்டார்கள். பிறகுதான் இந்தக் கல்லூரியில் சேர்ந்தாள்.

என்ன வேலை தெரியுமா? இணையவழி மக்கள் தொடர்புப் பயிற்சி. ஆறு மாதம். வீட்டில் உட்கார்ந்து செல்போனிலேயே படிக்கலாம். ஒரு கம்பெனியைப் பற்றி எப்படி நல்லவிதமாக எழுதுவது, எழுதியதை எப்படிப் பத்திரிகையில் வரவைப்பது, அதைச் சொல்லித்தந்து ஒரு சான்றிதழும் கொடுக்கிறார்கள். நான் நாற்பது வருடம் கம்பெனியைப் பற்றிக் கெட்டவிதமாக எழுதினேன். எனக்கு மெமோதான் கொடுத்தார்கள். போகட்டும். அந்தப் படிப்புக்கு இவள் ஒருங்கிணைப்பாளர். தற்காலிகம். மாதக் கடைசிக்குள் நாற்பது பேர் சேர்ந்தால் நிரந்தரம். சேராவிட்டால் படிப்பையும் மூடுவோம், நீயும் போகலாம் என்று தாளாளர் சொல்லிவிட்டார். மூன்று வாரத்தில் ஏழு பேர் சேர்ந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் இவளுடைய சித்தி மகள்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். "மாமா, ஒரு செய்திக்குறிப்பு எழுதியிருக்கேன். மெயில்ல எல்லாப் பத்திரிகைக்கும் அனுப்பிச்சுப் பாத்தாச்சு. ஒருத்தரும் போடல. நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

என்னிடம் வந்தாள் பாருங்கள். பதினோரு வருடமாக என்னிடம் யாரும் ஒரு வரி எழுதித் தாருங்கள் என்று கேட்டதில்லை. கட்சி ஆபீசில் இப்போது கம்ப்யூட்டரில் எழுதுகிறார்கள். போன வருடம் பஸ் கட்டண நோட்டீசுக்கு நானாகவே போய் எழுதிக்கொடுத்தேன். வாங்கி மடித்துப் பையில் வைத்தார்கள். அந்தப் பையிலேயே இருக்கும் இன்னும். போகட்டும்.

வாங்கிப் படித்தேன். தம்பி, உப்பில்லை, புளியில்லை. முதல் வரியிலேயே கல்லூரிப் பெயர், படிப்பின் பெயர், எத்தனை மாதம், எந்த இணையதளம், எல்லாவற்றையும் கொட்டி வைத்திருந்தாள். படிக்கிறவனுக்குக் கடைசியில் என்ன மிச்சம் இருக்கும்?

"இது நோட்டீஸ் இல்ல மாமா" என்றாள். "செய்தி. முக்கியமானதெல்லாம் முதல்லயே வந்துரணும். இடம் இல்லன்னா அவங்க கீழ இருந்துதான் வெட்டுவாங்க. ஒரு பத்திதான் மிஞ்சும்னாலும் அந்த ஒரு பத்தியில விஷயம் இருக்கணும்."

"நான் கடைசி வரியில்தான் வெடி வைப்பேன். அதை வெட்டுகிறவன் பத்திரிகைக்காரனா, நிர்வாகத்தின் ஆளா?"

"அவங்களுக்கு இடம் இல்ல, அவ்வளவுதான் மாமா. நாம கோவப்படக் கூடாது."

"கோபமில்லாத எழுத்தை எவன் படிப்பான்?"

சிரித்தாள். தேவசகாயத்துக்கும் அதே சிரிப்பு. நம்மை மடையன் என்று சொல்லாமல் சொல்கிற சிரிப்பு.

அடுத்த பத்தியைப் பார்த்தேன். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. 'இன்றைய இளைஞர்களின் எதிர்காலமே எங்கள் இலட்சியம் என்று தாளாளர் பெருமிதத்துடன் தெரிவித்தார்' என்று இருக்கிறது. எப்போது சொன்னார் என்று கேட்டேன்.

"அவுக சொல்லல மாமா. நாமதான் எழுதணும். அவுக பாத்துட்டு சரின்னுவாக. செய்திக்குறிப்புன்னா அப்படித்தான். ஒருத்தர் சொன்னதா ஒரு வரி இருக்கணும்."

"சொல்லாததைச் சொன்னதாகப் போடுவதா?"

"அவுகளுக்குக் காட்டிட்டுத்தானே போடுதோம்."

"பியூலா, அறுபத்திரண்டு நோட்டீஸ் எழுதியிருக்கிறேன். ஒருத்தன் சொல்லாத வார்த்தையை அவன் வாயில் திணித்ததில்லை" என்றேன்.

அவள் மெதுவாக, "அப்போ பேச்சிமுத்து, மாமா?" என்றாள்.

அப்பன் சொல்லி வைத்திருக்கிறான் பாருங்கள். அது வேறு தம்பி. தொண்ணூற்றொன்றில் வேலைநிறுத்தம். ஏழாம் நாள். ஆட்கள் சோர்ந்துபோயிருந்தார்கள். பேச்சிமுத்து கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், நாலு பிள்ளைக்காரன். அவன் முகத்தைப் பார்த்தேன். வீட்டுக்குப் போய் எழுதினேன். 'என் பிள்ளைகள் பட்டினியால் செத்தாலும் இந்த நிர்வாகத்தின் வாசலை மிதிக்க மாட்டேன் என்று தோழர் பேச்சிமுத்து சூளுரைத்தார்.' அவன் வாயால் சொல்லவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவன் முகத்தில் அது எழுதியிருந்தது. நான் வாசித்தேன், அவ்வளவுதான். எட்டாம் நாள் பாருங்கள், அதே பேச்சிமுத்து உள்ளே போகக் கிளம்பிவிட்டான். துரோகி. உள்ளேயும் சேர்க்கவில்லை. நோட்டீசைக் காட்டி, நீதானே வாசலை மிதிக்க மாட்டேன் என்றவன் என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். சிவகாசிப் பக்கம் போனான் என்று கேள்வி. அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது. போராட்டம் என்றால் நாலு பேர் உதிரத்தான் செய்வார்கள்.

இதையெல்லாம் அவளுக்கு விளக்கினேன். "சரி மாமா" என்றாள்.

என் போன்தான் அடிக்கிறது. அடிக்கட்டும். பியூலாவாகத்தான் இருக்கும். அச்சகக்காரர் அவள் வீட்டுத் தெருதான், வாய் சும்மா இராது, நேற்றே சொல்லியிருப்பார். நன்றி சொல்லக் கூப்பிடுகிறாள். களத்துக்குப் போகிற வழியில் நான் போன் எடுப்பதில்லை. அது ஒரு ஒழுங்கு. ஒரு தடவை எடுத்தால் வேலை, வீடு, காய்ச்சல் என்று இழுத்துப் போட்டுவிடுவார்கள்.

எங்கே விட்டேன்? ஆம். கடைசியாக அந்தக் குறிப்பில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. இடம் இல்லை. நாள் இல்லை. நேரம் இல்லை. இந்த மூன்றும் இல்லாமல் ஒரு நோட்டீஸ் உண்டா? கல்யாணப் பத்திரிகையில்கூட உண்டு.

"ஆன்லைன் மாமா. அவங்கவங்க வீடுதான் இடம்."

"வீட்டில் இருக்கிறவனை வெளியே கொண்டுவரத்தான் நோட்டீஸ்."

"ஐயோ மாமா, வெளிய வர வேண்டாம்னுதான் இந்தக் கோர்ஸே."

நாற்பது வருடம் ஆட்களை வாசலுக்குக் கொண்டுவந்தவனிடம் வந்து, யாரும் வராமல் இருக்க ஒரு நோட்டீஸ் எழுது என்றால்? அவளே சொன்னாள்: "நீங்க திருத்த வேண்டாம் மாமா. நேர்ல கொண்டுபோயி குடுங்க, போதும். உங்களை எல்லா ரிப்போர்ட்டருக்கும் தெரியும். நீங்க குடுத்தா போடுவாங்க."

அது உண்மை. நான் கொடுத்தால் போடுவார்கள். மறுநாள் கல்லூரி லெட்டர்பேடில் அடித்து, நாலு பிரதி கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தின் அடியில் அவள் கையெழுத்து, முத்திரை, அவள் போன் நம்பர். பத்திரிகை ஆபீசில் கையெழுத்து இல்லாமல் வாங்க மாட்டார்கள். ஏதாவது மழையில் நனைந்தால், கறை பட்டால், டிடிபி கடையில் அடித்துக்கொள்ளுங்கள் என்று நாலைந்து வெற்று லெட்டர்பேடும் தந்தாள். என்னை அவ்வளவு நம்பினாள்.

நான் முதல் பக்கத்தை மட்டும் மாற்றினேன்.

ஏன் முழிக்கிறீர்கள்? இரண்டாம் பக்கத்தைத் தொடவே இல்லை. அது அவளுடையது. இணையவழி, செல்போன், அந்த விவரம் எல்லாம் அதில் அப்படியே இருந்தது. முதல் பக்கம் என்னுடையது. டிடிபி கடைப் பையனிடம் நானே நின்று சொல்லச் சொல்ல அடிக்க வைத்தேன். கேளுங்கள்: 'படித்துப் பட்டம் பெற்று, வேலை தேடி நடந்து நடந்து செருப்புத் தேய்ந்த இளைஞர்களே, அவர்களைப் பெற்று வளர்த்தவர்களே. பேசத் தெரிந்தவன் உள்ளே இருக்கிறான். பேசத் தெரியாதவன் வாசலில் நிற்கிறான். இந்த நிலை இன்னும் எத்தனை நாளைக்கு? உங்களுக்குப் பேசக் கற்றுத்தர ஒரு கல்லூரி முன்வந்துள்ளது. மக்கள் தொடர்புத் துறையில் வேலைவாய்ப்பு உங்களுக்காகக் காத்திருக்கிறது. சான்றிதழ்களுடன் அணி திரண்டு வாரீர். இடம், கல்லூரி வாயில். நாள், சனிக்கிழமை. நேரம், காலை சரியாகப் பத்து மணி.'

எப்படி? அந்தப் பையன் அடித்து முடித்துவிட்டு, "அண்ணாச்சி, எங்க அக்காவைக் கூட்டிட்டு வரலாமா?" என்று கேட்டான். அதுதான் எழுத்து.

அவளிடம் ஏன் சொல்லவில்லை என்றா? சொன்னால் பயப்படுவாள். என் கணக்கு வேறு. ஆட்கள் வாசலுக்கு வரட்டும். வந்தால் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் நாற்பது பெயரை எழுதிவிடலாம். ஆட்கள் வந்து நின்றால் எந்த நிர்வாகமும் இறங்கித்தான் வரும். இது நான் கண்ணால் பார்த்த பாடம்.

பத்திரிகை ஆபீஸ் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். "அண்ணாச்சி, வாங்க, எந்தப் போராட்டம்?" என்று ஒருவர் கேட்டார். "போராட்டம் இல்லை, படிப்பு" என்றேன். நம்பவில்லை. "படிப்பா? உங்களுக்கா?" என்று கிண்டல் வேறு. ஆனாலும் போட்டார்கள். வெள்ளிக்கிழமை இரண்டு பத்திரிகை, சனிக்கிழமை இரண்டு. நாலிலும் வந்தது. ஆனால் பாருங்கள், என் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள். செருப்புத் தேய்ந்ததையும் வெட்டிவிட்டார்கள். வேலைவாய்ப்பு, சான்றிதழ், கல்லூரி வாயில், பத்து மணி, இவ்வளவுதான். இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை போலிருக்கிறது. கீழே இருந்து வெட்டியது அவர்கள் குற்றம் தம்பி. என் குற்றம் இல்லை.

சனிக்கிழமை நான் ஒன்பதரைக்கே போய்விட்டேன். பத்து மணிக்கு எத்தனை பேர் தெரியுமா? நூற்றைம்பதுக்குக் குறையாது. பிளாஸ்டிக் பையில் சான்றிதழ் வைத்துக்கொண்டு பிள்ளைகள், கூடவே அப்பன்மார், அம்மாமார். கடம்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு குடும்பம். ஒரு பெண் கைக்குழந்தையோடு. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பதினோரு வருடம் கழித்து ஒரு கூட்டம், என் எழுத்துக்கு வந்த கூட்டம்.

கேட் பூட்டியிருந்தது. சனிக்கிழமை விடுமுறையாம், எனக்கு எப்படித் தெரியும்? வாட்ச்மேன் உள்ளே நின்றுகொண்டு, "எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே. எதுக்கு வந்திருக்கீக? இன்னைக்கு யுனிவர்சிட்டில இருந்து ஆளுக வாராக, வாசல்ல நிக்காதீக" என்றான்.

"வேலைக்கு வரச் சொல்லிப் பேப்பர்ல போட்டிருக்கு, நீ யாரு வேண்டாம்னு சொல்ல?" என்று ஒருவர் பிடித்துக்கொண்டார்.

பத்தரை மணிக்குப் பியூலா ஓடிவந்தாள். காலையில் பஸ் ஸ்டாண்டுக் கடையில் பேப்பர் பார்த்திருக்கிறாள். என்னைப் பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறாள். களத்தில் நான் போன் எடுப்பதில்லை என்றேனே. தலை கலைந்து, கையில் ஒரு நோட்டு. என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. கூட்டத்தைப் பார்த்த பூரிப்பு என்று நினைத்தேன்.

நேராக அந்த ஆட்களிடம் போனாள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மெல்லப் பேசினாள். "இது வேலை இல்லக்கா, படிப்பு. வீட்ல இருந்தே படிக்கலாம். அலைய விட்டுட்டோம், மன்னிச்சுக்கோங்க. பேரும் நம்பரும் எழுதுங்க, சாயங்காலம் நானே கூப்பிடுதேன்." சிலர் திட்டிவிட்டுப் போனார்கள். சிலர் எழுதினார்கள். அந்தக் கைக்குழந்தைக்காரி எழுதினாள். நான் எட்டிப் பார்த்தபோது முப்பத்தொன்று ஆகியிருந்தது. ஏற்கனவே ஏழு. முப்பத்தெட்டு. எழுத இன்னும் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தாளாளரின் கார் வந்தது. பின்னால் இன்னொரு கார். கூட்டம் நிற்கிறது, கார் வருகிறது. நான் சும்மா நிற்க முடியுமா? பக்கத்துப் பாலக்கட்டையில் ஏறினேன். "வேலை கேட்டு வந்தவனை வெளியே நிறுத்தும் நிர்வாகமே, பதில் சொல்" என்றேன். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் காரைச் சுற்றி வந்துவிட்டார்கள். அவள் கையிலிருந்த நோட்டைக் காணோம். யார் காலில் போனதோ. "மாமா, இறங்குங்க. மாமா" என்று அவள் கத்தியது எனக்குக் கேட்டது. கேட்டது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டு என் முழக்கம் இன்னும் ஏறத்தான் செய்தது.

போலீஸ் வந்தது. என்னை ஜீப்பில் ஏற்றி மத்தியானம் விட்டுவிட்டார்கள். மறுநாள் பேப்பரைப் பாருங்கள். சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன், பிளாஸ்டிக் உறை போட்டு. 'வேலை தருவதாக அழைத்து மோசடி. கல்லூரி முற்றுகை.' நாலு காலம் அகலத்துக்குச் செய்தி. படத்தோடு. பாலக்கட்டையில் கையைத் தூக்கியபடி நிற்பது நான்தான். அவள் நாலு வரிக்கு அலைந்தாள். நான் நாலு காலம் வாங்கிக் கொடுத்தேன். மக்கள் தொடர்பு என்றால் வேறு என்ன?

திங்கட்கிழமை அவளை வரச்சொல்லி மேசையில் அந்த இரண்டு பக்கத்தையும் போட்டிருக்கிறார்கள். பத்திரிகை ஆபீசிலிருந்து வாங்கியது. கீழே இருப்பது உன் கையெழுத்துத்தானே என்று கேட்டார்களாம். ஆம் என்றாளாம். முதல் பக்கத்தை எழுதியது யார் என்று கேட்டார்களாம். நான்தான் என்றாளாம். என் பெயரைச் சொல்லவில்லை பாருங்கள். தேவசகாயத்தின் மகள் அல்லவா, காட்டிக்கொடுக்க மாட்டாள். கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

நானே போய் எழுதியது நான் என்று சொல்லியிருக்கலாமா? சொல்கிறீர்களே, நியாயமாகத்தான் படும். உங்களுக்கு நிர்வாகத்தைத் தெரியாது. நான் இத்தனை வருடத்தில் எந்த முதலாளிக்கும் ஒரு விளக்கக் கடிதம் கொடுத்ததில்லை. மெமோவை வாங்கி அவர்கள் முன்னாலேயே மடித்து வைத்துவிட்டு வருவேன். இந்த வயதில் ஒரு தாளாளர் முன்னால் போய் நின்று, ஐயா, தெரியாமல் செய்துவிட்டேன் என்பதா? தெரிந்துதானே செய்தேன்.

மூன்று நாள் முன்பு பியூலா வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. நிலைப்படியிலேயே நின்றாள். "மாமா, வர்ற திங்கக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. மன்னிப்புக் கடிதம் எழுதிக்குடுத்தா லைப்ரரில போடுதோம்னு சொல்லுதாங்க. சம்பளம் கம்மிதான். ஆனா நிரந்தரம். நான் எழுதிக்குடுக்கப் போறேன். நீங்க இனிமே இதுல ஒண்ணும் செய்ய வேண்டாம். உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன் மாமா, விட்டுருங்க."

கையைக் கூப்பினாள் தம்பி. என் தோழன் மகள் என் முன்னால் கையைக் கூப்புகிறாள். எப்படிக் கொதிக்கும் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையை இந்த அளவுக்கு மிரட்டி வைத்திருக்கிறார்கள். மன்னிப்புக் கடிதமாம். லைப்ரரியாம். ஒரு ஒருங்கிணைப்பாளரைக் கொண்டுபோய்ப் புத்தகம் அடுக்க வைப்பதா? இதை விட்டுவிட்டால் நான் நோட்டீஸ் தனுஷ்கோடி இல்லை. அவள் போனதும் உட்கார்ந்தேன். ஒரே மூச்சில் எழுதினேன். பதினோரு வருடத்தில் இப்படி வந்ததில்லை.

மறுபடி அடிக்கிறது பாருங்கள். விடாத பிள்ளை.

இந்தாருங்கள், நீங்களே ஒன்று படியுங்கள். கண்ணாடி இல்லையா? நான் சொல்கிறேன், எனக்கு மனப்பாடம். 'பியூலாவுக்கு நீதி வேண்டும்.' இது தலைப்பு. அவள் பெயர் கொட்டை எழுத்தில். அப்புறம் நிர்வாகத்தின் கொடுமைகள் ஐந்து. அப்புறம் கடைசியில், நான் சொன்னேனே, வெடி எப்போதும் கடைசியில்: 'மன்னிப்புக் கடிதம் எழுத என் கை வராது, என் மகள் பசித்துக் கிடந்தாலும் இந்தத் தாளாளரிடம் தலை வணங்க மாட்டேன் என்று சகோதரி பியூலா கண்ணீர் மல்க முழங்கினார்.' இன்றைக்குத்தான் அந்தத் திங்கட்கிழமை. பத்து மணிக்கு எல்லோரும் உள்ளே போகிற நேரம். ஒரு ஆள் விடாமல் கையில் கொடுப்பேன். முதல் நோட்டீஸ் தாளாளர் கையில். கடிதத்தை அவர் வாங்குவதற்கு முன்னால் இது அவர் கையில் இருக்க வேண்டும்.

என்ன கேட்டீர்கள்?

சொன்னாளா என்றா?

சொல்லவில்லை தம்பி. அவள் எங்கே சொல்வாள், பயந்த பிள்ளை. ஆனால் கை கூப்பி நின்றாளே, அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் இதுதான் எழுதியிருந்தது. வாய் வராதவர்களுக்காகத்தானே என்னைப் போல ஒருவன் இருக்கிறேன்.

என்ன கண்டக்டரே? ஆமாம், யானைக் கல்லூரிதான். "எந்திரிங்க அண்ணாச்சி, இன்னைக்கும் மறியலா?" என்று கேட்கிறார் பாருங்கள். படத்தைப் பார்த்திருக்கிறார். நாலு காலம் என்றால் சும்மாவா?

இந்தாருங்கள், ஐந்தாறு வைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலியில் இறங்கும்போது சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள், அது போதும். அடுத்து உட்காருகிறவன் படிப்பான். கட்டைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள். முட்டி பிடித்துக்கொண்டது.

அதோ பாருங்கள், அந்த இடது பக்கத்து யானைக்குக் கீழே. பியூலாதான். ஒரு கையில் கவர், ஒரு கையில் போன். என்னை எதிர்பார்த்து வெளியிலேயே வந்து நிற்கிறாள். பஸ்ஸைப் பார்த்துவிட்டாள். இரண்டு கையையும் தூக்கி ஆட்டுகிறாள். ஓடி வருகிறாள் பாருங்கள் தம்பி. இத்தனை வருடத்தில் எந்த வாசலிலும் என்னை இப்படி ஒருத்தர் வரவேற்றதில்லை.